கட்டிலுக்கு அடியில் கிடந்த கிட்டார்



வழக்கமாக நான் இந்த நேரத்தில் வரி, காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு என்று பேசுகிறவன். ஜனவரி பிறந்தால் உங்களில் பாதிப் பேர் என்னைக் கூப்பிடுவீர்கள். ஏப்ரல் 15 தாண்டினால் ஒருவரும் கூப்பிட மாட்டீர்கள். அது இந்தத் தொழிலின் இயல்பு, வருத்தமில்லை. இந்த மாதம் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றிப் பேசலாமா என்று நம் நிலையப் பொறுப்பாளரிடம் கேட்டேன். "சார், உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இருபது நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுங்க" என்றார்.

வாசிக்கத் தெரியாத ஒரு கணக்கன் கிட்டாரைப் பற்றிப் பேசுவதற்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டால், அதற்கு ஒரு முன்னோடி உண்டு. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் என் வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து ஒரு வரி.

2009 நவம்பர். தாங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் விடியற்காலை, குளிரில் வரிசையில் நின்று, ஒரு பெரிய கடையில் என் மகனுக்கு ஒரு கிட்டார் வாங்கினேன். அவனுக்கு அப்போது 12 வயது. ஒரே பெட்டியில் கிட்டார், சின்ன ஆம்ப்ளிஃபயர், தோள்பட்டை, ஒயர் எல்லாம் சேர்த்து 119 டாலர். நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த ஏப்ரலில் அதே வரிக்கு எதிரே இன்னும் இரண்டு சொல் எழுதினேன்: "வீண் செலவு."

நடந்தது இதுதான். பையன் முதல் மாதம் ஆசையாக வாசித்தான். இரண்டாம் மாதம், "அப்பா, விரல் ரொம்ப வலிக்குது" என்றான். பழகினால் சரியாகிவிடும் என்றேன். மூன்றாம் மாதம், "ட்யூன் பண்ணாலும் தப்பா கேக்குதுப்பா" என்றான். அதற்கு நான் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றேன். என் மனைவி, "அவன் கையைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். நான் பார்க்கவில்லை. வரிக்காலம், வேலை தலைக்கு மேல். நான்காம் மாதம் கிட்டார் கட்டிலுக்கு அடியில் போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

அப்புறம் 2021 பிப்ரவரி. டெக்ஸாஸ் முழுக்க மின்சாரம் போன அந்தப் பனிவாரம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டில் மாடிக் குழாய் வெடித்தது. மகன் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டான், அவன் அறையில்தான் தண்ணீர் இறங்கியது. கட்டிலைத் தூக்கி நிறுத்தி எல்லாவற்றையும் காராஜில் காயப் போட்டோம். மின்விசிறி இரவல் கொடுக்க வந்தார் எங்கள் தெருக்கோடிப் பெரியவர். தொலைபேசிக் கம்பெனியில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். ஒரு காலத்தில் வாரக்கடைசியில் டான்ஸ் ஹால்களில் கிட்டார் வாசித்தவராம், அது எனக்கு அன்றுவரை தெரியாது. ஈரத் துணிகளுக்கு நடுவே கிடந்த கிட்டாரை எடுத்தார். கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார், கழுத்தோரமாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்பார்க் பிளக் இடைவெளி அளக்கிற தகடுகளை எடுத்து அளந்தார்.

"இதில் யார் கற்றுக்கொண்டது?" என்றார்.

"என் பையன். விட்டுவிட்டான்."

"அவன்மேல் தப்பில்லை. இதில் நானும் விட்டிருப்பேன்."

அளந்ததைக் காட்டினார். கழுத்தின் தலைப்பக்கம், முதல் மெட்டின்மேல் கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி, ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி இருந்தது. 17ஆம் மெட்டில் சுமார் 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது மூன்றரை. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விரல் நுனிக்கு அது எத்தனை பெரிது என்பதை, அன்று அவர் சொல்லி நானே ஆறு கம்பியையும் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தபோது தெரிந்தது. அரை நிமிடம் தாங்கவில்லை.

மெட்டு என்று சொன்னேன். வீணையில் தண்டியின்மேல் பித்தளைக் கட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை மெட்டு என்கிறோம். கிட்டாரில் ஃபிரெட் என்கிறார்கள். நான் மெட்டு என்றே சொல்கிறேன், நமக்குப் புரிந்த சொல்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது ஸ்ரீரங்கத்தில் என் அத்தையின் வீணை. அதற்கு 24 மெட்டு. எல்லாம் மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கும். வெயிலிலும் வாசிப்பிலும் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். சில வருஷத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்து மேளம் கட்டிக் கொடுப்பார். பழைய மெழுகை எடுத்து, கரி கலந்து காய்ச்சி, புதிதாக ஊற்றி, ஒவ்வொரு மெட்டையும் வைத்து, தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, நகத்தளவு நகர்த்தி, மறுபடி கேட்டு... இரண்டு நாள் ஆகும். எங்களுக்கு அது வேடிக்கை. அத்தைக்குக் கவலை. "மேளம் சரியா இல்லேன்னா சரஸ்வதியே வந்தாலும் அபஸ்வரம்தான்டா" என்பாள். அதைக் கேட்டு வளர்ந்தவன்தான், சொந்தப் பிள்ளை அபஸ்வரம் என்று சொன்னபோது பழமொழி சொன்னேன்.

இப்போது அந்த முன்னோடிக்கு வருகிறேன். லியோ ஃபெண்டர். 1909ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது கணக்கியல். ஐஸ் கம்பெனியிலும் மாநில நெடுஞ்சாலைத் துறையிலும் கணக்கு எழுதினார். கடைசியாக இருந்த டயர் கம்பெனியில் வேலை போனபின், 1938ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டன் ஊரில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்தார். ஆம், கணக்கர், அதோடு வானொலிக்காரர். கடைசிவரை கிட்டார் வாசிக்க அவர் கற்றுக்கொள்ளவில்லை. 1950ல் அவர் கம்பெனி விற்ற கிட்டாருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? பிராட்காஸ்டர்! கிரெட்ஷ் என்ற கம்பெனி, அந்தப் பெயரில் தங்களுடைய டிரம்ஸ் ஏற்கெனவே இருக்கிறது என்று ஆட்சேபித்தது. ஃபெண்டர் ஆட்கள் ஒட்டுச்சீட்டிலிருந்து பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு 1951ல் சில மாதம் பெயரில்லாமலேயே விற்றார்கள். கணக்கர் அல்லவா, அச்சடித்த சீட்டை வீணாக்க மனம் வரவில்லை. பிறகு வந்த பெயர்தான் டெலிகாஸ்டர். 1954ல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தது. இன்று கடையில் தொங்கும் மலிவு விலை கிட்டார்களில் பெரும்பங்கு இந்த இரண்டின் சாயல்தான்.

அவர் செய்த பெரிய காரியம், கிட்டாரை வானொலிப் பெட்டி மாதிரி ஆக்கியது. பழுதுபார்க்கிறவனின் கண்ணோடு அதை வடிவமைத்தார். அதுவரை கிட்டார் என்றால் வயலின் மாதிரி, கழுத்தும் உடலும் பசை போட்டு ஒட்டிய பொருள். இவர் கழுத்தை நான்கு திருகாணியில் முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு போடு. ஒயர் விட்டுப்போனால் தகட்டைத் திறந்து சூடு வை. எண்பது டாலர் கிட்டாரை ஒரு கணக்கன் தன் காராஜில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு சரிசெய்ய முடிகிறதென்றால், அதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

1965ல் அவர் கம்பெனியை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் தரம் போய்விட்டது என்று வாசிப்பவர்கள் முணுமுணுக்க, ஜப்பானியர்கள் அதையே பார்த்து நன்றாகவும் மலிவாகவும் செய்தார்கள். வேறு வழியில்லாமல் ஃபெண்டரே 1982ல் ஜப்பானில் 'ஸ்குவையர்' என்ற பெயரில் விலை குறைந்த கிட்டார்களைச் செய்ய ஆரம்பித்தது. பிறகு கொரியா, சீனா, இந்தோனேசியா என்று வேலை இடம் மாறிக்கொண்டே போயிற்று. நம் ஊரில் கல்கத்தாவிலிருந்து வரும் கிவ்சன் கிட்டார்தான் கல்லூரி விடுதிகளில் பார்த்திருப்பீர்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் 1842லிருந்து இருக்கிற மியூசி மியூசிகல் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த வெளிநாட்டு கிட்டார்களைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பார்த்ததோடு சரி.

சரி, மலிவு கிட்டாரில் காசு எங்கே மிச்சம் பிடிக்கப்படுகிறது? கணக்கனாக நான் இதைத்தான் தேடினேன். மரத்தில் என்று பலரும் நினைக்கிறார்கள். மரமும் ஒரு காரணம்தான், ஆனால் முக்கியமானதல்ல. இன்று உடலையும் கழுத்தையும் கணினி ஓட்டும் இயந்திரம் வெட்டுகிறது. ஆயிரம் டாலர் கிட்டாரை வெட்டுவதும் நூறு டாலர் கிட்டாரை வெட்டுவதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இயந்திரம்தான். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. மிச்சம் பிடிப்பது மனிதக் கை தொடும் கடைசி மணி நேரத்தில். மெட்டுகளின் உயரத்தைச் சமமாக்குவது, முனைகளை மழுக்குவது, கம்பி உட்காரும் வெட்டுகளை ஆழப்படுத்துவது, பிறகு ஒரு ஆள் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பது. அந்தத் தஞ்சாவூர்க்காரரின் இரண்டு நாள் இருக்கிறதே, அது இந்தக் கிட்டாருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதில் மிக மோசமாகப் பாதிக்கப்படுவது நட். திருகாணிக்குப் போடும் நட் இல்லை. தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு சின்னப் பட்டை, அதில் ஆறு வெட்டு, அதன் வழியாகத்தான் கம்பிகள் போகும். அந்த வெட்டை ஆழமாக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அரம் போட வேண்டும். ஒரு இழுப்பு கூடிவிட்டால் கம்பி முதல் மெட்டில் இடித்து 'ஜ்ர்ர்' என்று இரையும், பட்டையைத் தூக்கி எறிய வேண்டும். குறைவாக வெட்டினால்? கிட்டார் சத்தம் போடாது. கடையில் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே இருக்கும். அழுத்தத்தான் கஷ்டமாக இருக்கும், அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டு ஸ்வரம் ஏறிக் கேட்கும். ஆலைக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான்? ஆழமாக வெட்டினால் சரக்கு திரும்பி வரும். உயரமாக விட்டால் திரும்பி வராது. ஏனென்றால் வாங்கியவன் குழந்தை. தன் விரலில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வான். நஷ்டம் ஆலையின் ஏட்டில் ஏறாது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. விரல் வலியும், சுருதி சேரவில்லை என்ற புகாரும் இரண்டுமே அந்த வெள்ளைப் பட்டையில் இருந்து வந்தவை. பையன் சொன்ன இரண்டும் சரி.

நீங்களே சோதிக்கலாம். ஒரு கம்பியை மூன்றாம் மெட்டின்மேல் அழுத்துங்கள். இப்போது முதல் மெட்டுக்கு மேலே அதே கம்பியைப் பாருங்கள். ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு, தட்டினால் 'டிக்' என்று கேட்கும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருந்தால் நல்லது. விசிட்டிங் கார்டு தாராளமாகப் போனால் உயரம் அதிகம். அந்தந்த கம்பியின் பருமனுக்கு ஏற்ற அரம் கிடைக்கிறது, விலை கொஞ்சம் அதிகம். எனக்குப் பெரியவர் கொடுத்தார். அரம் இல்லாதவர்கள் நட்டைக் கழற்றி அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்கலாம். மெதுவாக, நான்கு இழுப்புக்கு ஒருமுறை கம்பி மாட்டிப் பார்த்து. நான் முதல் தடவை அவசரப்பட்டு ஒரு வெட்டை ஆழமாக்கிவிட்டேன். சமையல் சோடாவை அந்த வெட்டில் நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் கல் மாதிரி இறுகும், பிறகு மறுபடி வெட்டலாம். சமையலறையிலிருந்து சோடா எடுத்த கையோடு பிடிபட்டேன்.

வெட்டில் கொஞ்சம் பென்சில் தூள் போட்டுவிடுங்கள். ட்யூன் நிற்கவில்லை என்று பலர் பிரடையைக் குறை சொல்லி, முப்பது நாற்பது டாலருக்குப் புதுசு வாங்குகிறார்கள். பாதி நேரம் கம்பி நட்டில் சிக்கிக்கொள்வதுதான் காரணம். மீதி நேரம், கம்பியைப் பிரடையில் பத்துச் சுற்றுச் சுற்றியிருப்பார்கள். இரண்டு மூன்று சுற்று போதும். பிரடையின் திருகு தளர்ந்திருந்தால் ஸ்பானரால் முடுக்குங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் புதுசு வாங்கலாம்.

அடுத்தது மெட்டின் முனைகள். இது நம் ஊர்ச் சமாசாரம், ஆலன்காரர்களுக்கு நன்றாகப் புரியும். கோடையில் நாம் வீட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறோம் அல்லவா? ஊரிலிருந்து வந்த என் மாமனார், "செடிக்கு விடலாம், சுவத்துக்கு எதுக்கு மாப்பிள்ளை தண்ணி?" என்று சிரித்தார். இங்குள்ள கருங்களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், வீடு இறங்கும். மரமும் அதே ஜாதி. ஈரப்பதம் நிறைந்த இந்தோனேசியாவில் செய்த கழுத்து, டெக்ஸாஸ் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறைக்கு வந்து காய்கிறது. மரம் சுருங்குகிறது, உலோக மெட்டு சுருங்காது. முனைகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு ரம்பம் மாதிரி கையைக் கீறும். மெல்லிய அரத்தால் சாய்வாக இழுத்து மழுக்க வேண்டும், ஒரு சாயங்கால வேலை. அறையில் ஈரப்பதம் நாற்பத்தைந்திலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் இருந்தால் கழுத்துக்கு நல்லது.

ஒரு குறுக்குச் செய்தி. மெட்டுகள் பதிந்திருக்கும் பலகைக்கு வெகுகாலமாக நம் ஈட்டி மரம்தான் போனது, ரோஸ்வுட் என்பார்கள். 2017 ஜனவரியில் சர்வதேச ஒப்பந்தப்படி அந்த இன மரங்கள் எல்லாவற்றுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயமானது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அதற்குள் மலிவு கிட்டார்கள் பலவும் வேறு மரத்துக்கு மாறிவிட்டன. 'இந்தியன் லாரல்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது வேறொன்றுமில்லை, நம் காட்டுக் கருமருது. நல்ல மரம்தான், கொஞ்சம் வறண்டு காணும். வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் துளி தொட்டுத் துடையுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், பிசுபிசுக்கும். கனிம எண்ணெய் போதும்.

கழுத்துக்குள்ளே ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது. கம்பிகளின் இழுப்பில் கழுத்து வில்லாக வளையாமல் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கிப்சன் கம்பெனியில் வேலை செய்த தாடியஸ் மெக்ஹூ என்பவர் 1920களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. முதல் மெட்டையும் கழுத்து முடியும் இடத்து மெட்டையும் சேர்த்து அழுத்தினால், நடுவில், எட்டாம் மெட்டில், கால் மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது சரி. அதிகமானால் சாவியை வலப்பக்கம் கால் சுற்று. கால் சுற்றுதான். ஒரு இரவு விட்டு மறுநாள் பாருங்கள். பலமாகத் திருக வேண்டி வந்தால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். தண்டு அறுந்தால் கழுத்து போயிற்று.

அதன்பின்தான் குதிரை. வீணையில் குதிரை என்பதும் கிட்டாரில் பிரிட்ஜ் என்பதும் ஒன்றே. ஆறு கம்பிக்கும் தனித்தனிச் சின்ன இருக்கைகள், சின்னத் திருகுகள். உயரத்தை இறக்கலாம், முன்பின் நகர்த்தலாம். 12ஆம் மெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரமும், அழுத்தி எழுப்பும் ஸ்வரமும் ஒன்றாக வேண்டும். அழுத்தியது ஏறிக் கேட்டால் இருக்கையைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கிக் கேட்டால் முன்னால். எல்லாம் இறக்கியும் கம்பி உயரமாகவே இருந்தால், கழுத்தின் நான்கு திருகாணியைத் தளர்த்தி, குழியில் விசிட்டிங் கார்டு அகலத்துக்கு ஒரு துண்டு வைத்து மறுபடி முடுக்குங்கள். இதென்ன ஒட்டுவேலை என்று முகம் சுளிக்க வேண்டாம். இன்று வீட்டு விலைக்கு விற்கும் 1960களின் ஃபெண்டர் கிட்டார்களிலும் ஆலையே அட்டைத் துண்டு வைத்திருக்கிறது.

தோள்பட்டை மாட்டும் குமிழ் கழன்று ஆடுகிறதா? ஓட்டையில் பசை தொட்ட தீக்குச்சி இரண்டு செருகி, ஒடித்து, திருகைப் போடுங்கள். நம் வீட்டுக் கதவுக் கீலுக்குச் செய்வதுதான்.

மின்சார வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒயர் செருகும் இடம் 'கரகர' என்றால் அங்குள்ள மரையை முடுக்குங்கள், பெரும்பாலும் அதுதான். குமிழைத் திருகும்போது கரகரத்தால் துடைப்பு ஸ்ப்ரே. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா, அப்படியானால் பயமில்லை. தொட்டும் வித்தியாசமே இல்லையென்றால் குதிரைக்குப் போகும் தரை ஒயர் விட்டிருக்கிறது, ஒரு சூடு வைத்தால் போதும். புது பிக்கப் வாங்கினால் எல்லாம் மாறிவிடும் என்று பையன்கள் சொல்வார்கள். கம்பி தொடும் இடங்கள் எல்லாம் சரியாகும்வரை அதற்கு ஒரு டாலர் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. ஒரு எச்சரிக்கை: கிட்டாரைத் திறக்கலாம், சுவரில் செருகும் ஆம்ப்ளிஃபயரைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

விலை அதிகம் கொடுத்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்பார்கள். நம் ஆலன் உயர்நிலைப்பள்ளியின் ஃபுட்பால் அரங்கத்தை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 60 மில்லியன் டாலரில் 2012ல் திறந்தது. சிமெண்டில் விரிசல் கண்டு 2014ல் மூடினார்கள். சரிசெய்து மறுபடி திறக்க 2015 ஆயிற்று. விலை கொடுத்தாலும் யாராவது ஒருவர் குனிந்து பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

பெரிய வித்வான்களும் கிடைத்த கருவியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸைச் சொல்கிறேன். மாண்டலினுக்கு இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி. கமகம் பேச அது ஒத்து வராது. அவர் ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை வாசித்தார், கர்நாடக சங்கீதத்தில் அதற்கு ஒரு நாற்காலியும் வாங்கிக் கொடுத்தார். அவர் 2014ல் 45 வயதில் காலமானது இன்னும் மனதில் ஆறவில்லை. ஜான் மெக்லாக்லின் 'சக்தி' குழுவில் வாசித்தபோது, மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குழிவாகச் சுரண்டி, கம்பியை வீணை மாதிரி வளைக்க வழி செய்துகொண்டார். நம் டாலஸில் பிறந்த ஸ்டீவி ரே வான் முரட்டுத்தனமான பருமனில் கம்பி போட்டு வாசித்தவர். குதிரையில் உரசிக் கம்பி அறுந்துகொண்டே இருந்ததால், அவருடைய கிட்டார்களைப் பார்த்துக்கொண்ட ரெனே மார்டினெஸ் மின்ஒயரின் பிளாஸ்டிக் மேலுறையைத் துண்டு நறுக்கிக் கம்பிக்கு மாட்டிவிட்டாராம். சில காசு பெறாத வைத்தியம்.

எங்கள் வீட்டுக் கிட்டாருக்கு வருகிறேன். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நானே செய்தேன், மூன்று வாரக்கடைசி ஆயிற்று. செலவு: எலும்பில் செய்த புது நட் 8 டாலர், கம்பி 6, துடைப்பு ஸ்ப்ரே 9, உப்புத்தாளும் சில்லறையும் 4. மொத்தம் 27 டாலர். கடையில் கொடுத்திருந்தால் அறுபது எழுபது ஆகியிருக்கும். 2009ல் இதை யாராவது சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனா? கிட்டார் விலையில் பாதியைச் சரிசெய்யக் கொடுப்பதா என்று வாதாடியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

முடித்தபின் மகனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லி, "உன் விரல்ல ஒண்ணும் இல்லடா, கிட்டார்லதான் இருந்துச்சு" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ம்யூசிக் வராதுன்னே நெனச்சுட்டேன்பா. அதான் பேண்ட்லயும் சேரல" என்றான்.

நம் ஆலன் பள்ளியின் அணிவகுப்பு வாத்தியக் குழு இந்த நாட்டிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் அது மைதானத்தில் இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவன் கூடப் படித்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அதில் இருந்தார்கள். அவன் ஏன் சேரவில்லை என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. நேரமில்லை போலிருக்கிறது, படிக்கிறான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

"மன்னிச்சிருப்பா" என்று சொல்ல வந்தேன். எங்கள் தலைமுறை அப்பாக்களுக்கு அந்த வார்த்தை சுலபமாக வராது. "கம்பி நைன்ஸ் போட்டிருக்கேன், மெலிசு, கை வலிக்காது" என்றேன். "சரிப்பா" என்றான்.

அந்த வருஷம் தாங்க்ஸ்கிவிங்குக்கு வந்தபோது எடுத்துப் பார்த்தான். நினைவிலிருந்த மூன்று கார்டு வாசித்தான். "இது அதே கிட்டாரா?" என்று இரண்டு தடவை கேட்டான். ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகவில்லை, விமானத்தில் சிரமம் என்றான். அடுத்த வருஷம் எடுத்துப் போனான். வாசிக்கிறானா, சுவரில் மாட்டியிருக்கிறானா என்று நான் விசாரிக்கவில்லை. போன மாதம் கூப்பிட்டு, முதல் கம்பி அறுந்துவிட்டது, எந்த நம்பர் வாங்க வேண்டும் என்று கேட்டான்.

2009 கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. எழுதியதை அடிக்கவில்லை, எங்கள் தொழிலில் அழிப்பது தப்பு, திருத்தப் பதிவுதான் போட வேண்டும். 27 டாலரைத் தனி வரியாக எழுதி, பக்க எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு அடியிலோ காராஜிலோ ஒன்று கிடந்தால், நன்கொடைப் பெட்டியில் போடும் முன் மூன்றாம் மெட்டை அழுத்தி முதல் மெட்டைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் சனிக்கிழமை ஒலிப்பதிவு நாளில் நிலையத்துக்கு எடுத்து வாருங்கள், நான் இருப்பேன், அரமும் இருக்கும். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். கம்பி உயரம் அவர்கள் கைக்குத்தான் வைக்க வேண்டும், நம் கைக்கு அல்ல.

அடுத்த மாதம் வழக்கம்போல் வரிதான். ரசீதுகளை எடுத்து வையுங்கள்.